போகுமிடமும் போகும் வழியும்

‘வாயில் இருக்கிறது வழி’ என்பது நம் நாட்டு வழக்கு. வழி தெரியாதவன் வாய்திறந்து கேட்டால் போதும். ஆலமரத்தடியில் அமர்ந்திருக்கும் பெரியவரோ, தேநீர்க் கடைக்காரரோ, பள்ளிவாசல் மோதினாரோ கைநீட்டிக் காட்டிவிடுவார். அந்தக் காலம் முற்றாகப் போய்விடவில்லை. ஆயினும், இன்று வெளியூருக்குப் புறப்படும் குடும்பம் எதுவும் வாயைத் திறப்பதற்கு முன் கைப்பேசியைத் திறக்கிறது. போகவேண்டிய ஊரின் பெயரை அதில் எழுதியதும் திரையில் நீலக் கோடு ஒன்று நெளிந்தோடுகிறது. ‘முந்நூறு மீட்டர் சென்று இடப்புறம் திரும்புங்கள்’ என்று ஒரு குரல் பணிவோடு சொல்லத் தொடங்குகிறது. ஜி.பி.எஸ். என்று நாம் பொதுவாக வழங்கும் வழிகாட்டி அதுதான்.

இக்கருவியைப் பற்றி நம் இல்லங்களில் இரு கருத்துகள் நிலவுகின்றன. முகந்தெரியாத ஒரு குரலை நம்பிக் குடும்பத்தை அழைத்துச் செல்வதா என்று மூத்தோர் முகம் சுளிக்கின்றனர். அது சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று இளையோர் சாதிக்கின்றனர். இரு சாராரும் ஒன்றைக் கவனிக்கவில்லை என்பது என் எண்ணம். வழி காட்டுவது கருவியின் வேலை. போகுமிடத்தைக் குறிப்பது மனிதனின் வேலை. முன்னதைக் கருவி பெரும்பாலும் செம்மையாகவே செய்துவிடுகிறது. பின்னதைத்தான் நாம் அரைகுறையாகச் செய்துவிட்டு, வந்து சேரும் துன்பத்துக்குக் கருவியின்மீது பழிபோடுகிறோம்.

வழியறிந்தவனை அமர்த்திக்கொள்வது நம் மார்க்கத்துக்குப் புதியதன்று. கி.பி. 622இல் நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவை விட்டு மதீனாவுக்குப் புறப்பட்ட வரலாற்றை நாம் ஆண்டுதோறும் கேட்கிறோம். அந்தப் பயணத்துக்கு வழிகாட்டியாக அமர்த்தப்பட்டவர் அப்துல்லாஹ் இப்னு உரைக்கித் என்பவர். அப்போது அவர் இஸ்லாத்தை ஏற்றவரல்லர். குறைஷிகளின் பழைய சமயத்திலேயே இருந்தவர். எனினும் பாலைவனப் பாதைகளில் தேர்ந்தவர், நம்பகமானவர். இரு ஒட்டகங்களும் முன்கூட்டியே அவரிடம் ஒப்படைக்கப்பட்டன. மூன்று இரவுகள் கழித்துத் தவ்ர் குகையருகே வந்து சேருமாறு நாளும் குறிக்கப்பட்டது. மதீனா இருப்பதோ மக்காவுக்கு வடக்கே. தவ்ர் குகை இருப்பதோ தெற்கே! துரத்தி வருவோரின் கண் வடக்குப் பாதையில் இருக்கும் என்பதால், முதலில் தெற்கே சென்று, பிறகு வழக்கமான பாதையை விட்டு விலகிக் கடலோரமாக அழைத்துச் சென்றார் அந்த வழிகாட்டி. அப்பயணத்தில் எங்கே போவது என்பதை வழிகாட்டி தீர்மானிக்கவில்லை. எப்படிப் போவது என்பதில் அவருடைய அறிவு மதிக்கப்பட்டது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள எல்லைக்கோடு எத்துணைத் தெளிவாக இருந்தது, பாருங்கள்!

போகுமிடத்தைக் குறிக்கும் கலையிலும் நம் முன்னோர் பின்தங்கியிருக்கவில்லை. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி, 2,400க்கும் மேற்பட்ட இடங்களின் அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் அட்டவணையாகத் தொகுத்தார். கணிப்பொறி பின்பற்றும் கணக்கு முறைக்கு ‘அல்காரிதம்’ என்று இன்று உலகமே வழங்கும் சொல், அவருடைய பெயரிலிருந்து பிறந்ததே. அல்பிரூனி 1025இல் எழுதி முடித்த ஒரு நூல், ஊர்களின் இருப்பிடத்தைத் துல்லியமாக அளந்தறிவதைப் பற்றியது. கஸ்னா நகரின் கிப்லாவைச் சரியாகக் கணிக்கவேண்டும் என்பது அந்த உழைப்பின் நோக்கங்களுள் ஒன்று.

நம் சோழமண்டலக் கரைக்கே வருவோம். நாகூர், நாகப்பட்டினம் முதலிய துறைகளிலிருந்து அச்சே, கெடா, பினாங்கு என்று பாய்விரித்துச் சென்ற மாலுமிகளிடம் ‘இராப்பலகை’ என்றொரு கருவி இருந்தது. சிறிய மரப்பலகை, அதன் நடுவில் கோத்த ஒரு கயிறு, கயிற்றில் சில முடிச்சுகள். அவ்வளவுதான். கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, பலகையின் கீழ்விளிம்பு அடிவானத்தையும் மேல்விளிம்பு துருவ நட்சத்திரத்தையும் தொடும்படி பிடிப்பார்கள். நாகூரில் அந்த நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ 11 பாகை உயரத்தில் தெரியும். தெற்கே செல்லச் செல்லத் தாழும். பினாங்கில் 5 பாகையை ஒட்டி நிற்கும். ஒவ்வொரு துறைமுகத்துக்கும் உரிய உயரத்தை ஒரு முடிச்சு காட்டும். அந்த முடிச்சுக்கு நட்சத்திரம் இறங்கும்வரை தெற்கே ஓடி, பிறகு உயரம் மாறாமல் கிழக்கேயோ மேற்கேயோ ஓடினால் துறை வந்துவிடும். கரையை விட்டுப் புறப்படும் முன்பே போகுமிடம் கயிற்றில் முடிச்சாகிவிடுகிறது! இன்று நாம் திரையில் ஒரு புள்ளியைத் தொட்டு இலக்கைக் குறிக்கிறோமே, அதன் மூதாதை அந்த முடிச்சுதான். முடிச்சைத் தவறாகப் போட்டவனை எந்த நட்சத்திரமும் சரியான துறையில் கொண்டு சேர்க்காது.

துருவ நட்சத்திரத்தின் வேலையை இன்று மனிதன் செய்தனுப்பிய விண்கோள்கள் செய்கின்றன. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1973இல் இத்திட்டத்தைத் தொடங்கியது; 1978இல் முதல் விண்கோள் ஏவப்பட்டது. படைகளுக்கென்று பிறந்த இது பொதுமக்களுக்கு வந்த கதையில் ஒரு துயரமும் கலந்திருக்கிறது. 1983 செப்டம்பர் 1ஆம் நாள், பாதை பிசகிச் சோவியத் வான்வெளிக்குள் சென்ற கொரியப் பயணிகள் விமானம் ஒன்று சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 உயிர்கள் பலியாயின. அதன் பின்னரே, இந்த வசதி பொதுப் பயன்பாட்டுக்கும் கட்டணமின்றித் திறந்துவிடப்படும் என்று அமெரிக்க அதிபர் ரீகன் அறிவித்தார். அப்படியும் பொதுமக்களுக்கான சைகையில் வேண்டுமென்றே ஒரு பிழை கலக்கப்பட்டிருந்தது. 2000 மே மாதத்தில் அது நீக்கப்பட்ட பிறகே, தெருவுக்குத் தெரு வழிசொல்லும் துல்லியம் நமக்கு வாய்த்தது. இன்று ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ ஆகியவையும் உள்ளன. நம் நாடு 2013 முதல் ஏவத்தொடங்கிய விண்கோள் வரிசைக்கு ‘நாவிக்’ என்று பெயர்.

இது இயங்கும் விதத்தை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு எளிதாகச் சொல்லலாம். ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒவ்வொரு விண்கோளும், ‘நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இவ்வளவு’ என்று இடையறாது அறிவித்துக்கொண்டிருக்கிறது. ஒளியின் வேகத்தில் வரும் அச்செய்தி நம்மை எட்ட ஒரு நொடியின் நூற்றில் ஏழு பங்கு ஆகிறது. எவ்வளவு நேரம் கழித்து வந்தது என்பதைக் கொண்டு தொலைவைக் கணக்கிடுகிறது கைப்பேசி. நான்கு விண்கோள்களின் செய்தி கிடைத்துவிட்டால், அதன் இருப்பிடம் தெளிவாகிவிடும். நேரக் கணக்கில் ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிசகினால், இடக் கணக்கில் 300 மீட்டர் பிசகிவிடும். ஆகவேதான் விண்கோள்களில் அணுக் கடிகாரங்களை வைத்திருக்கிறார்கள். பூமியில் ஓடும் கடிகாரத்தைவிட அங்கே ஓடுவது நாளொன்றுக்கு ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் 38 பங்கு முந்துகிறது. ஐன்ஸ்டைனின் கோட்பாட்டைக் கொண்டு அதைத் திருத்தாவிட்டால், ஒரே நாளில் 10 கிலோமீட்டருக்கு மேல் பிழை சேர்ந்துவிடும். படைப்பில் இறைவன் அமைத்த அளவுகள் எத்துணை நுட்பமானவை என்பதற்கு, நம் சட்டைப் பையில் இருக்கும் இக்கருவியே சான்று.

ஆனால் ஒன்றை நினைவில் கொள்ளவேண்டும். விண்கோள் நமக்குச் சொல்வது, நாம் எங்கே நிற்கிறோம் என்பதை மட்டுமே. சாலை எது, சந்து எது என்பது அதற்குத் தெரியாது. சாலைகளின் படமும், வழியைத் தேர்ந்தெடுக்கும் கணக்கும் மென்பொருளுக்கு உரியவை. அந்தக் கணக்கின் மூலம், டைக்ஸ்ட்ரா என்னும் டச்சு அறிஞர் 1956இல் கண்டறிந்தது. ஆம்ஸ்டர்டாம் நகரில், மணம் பேசியிருந்த பெண்ணோடு கடைவீதி சென்ற களைப்பில் ஒரு காப்பிக்கடையில் அமர்ந்திருந்தபோது, தாளும் எழுதுகோலும் இல்லாமல், இருபது நிமிடங்களில் மனத்துக்குள்ளேயே அதை வகுத்ததாக அவரே கூறியிருக்கிறார். வயலில் மடையைத் திறந்ததும் நீர் எல்லா வாய்க்கால்களிலும் ஒரே நேரத்தில் பரவுவதை எண்ணிப் பாருங்கள். கடைசிப் பாத்தியை எந்த வாய்க்கால் வழியாக நீர் முதலில் எட்டியதோ, அதுவே விரைவான வழி. கணக்கும் அப்படித்தான். புறப்படும் இடத்திலிருந்து சந்திப்புக்குச் சந்திப்பு, குறைந்த நேரத்தில் எட்டக்கூடியதை முதலில் எட்டி, குறித்துக்கொண்டே பரவுகிறது. இன்றைய மென்பொருள்கள் இதை எவ்வளவோ விரைவுபடுத்தியிருந்தாலும் வேர் இதுவே.

சாலையில் நெரிசல் உண்டா என்பதை, அச்சாலையில் செல்வோரின் கைப்பேசிகள் ஊர்கின்றனவா, ஓடுகின்றனவா என்பதைக் கொண்டு இக்கருவி ஊகிக்கிறது. 2020இல் பெர்லின் நகரில் ஒரு கலைஞர், 99 கைப்பேசிகளை ஒரு சிறு கைவண்டியில் போட்டு வெறிச்சோடிய தெருவில் இழுத்துக்கொண்டு நடந்தார். அந்தத் தெருவில் பெரும் நெரிசல் என்று வரைபடம் சிவந்து காட்டியது! கருவி பொய் சொல்லவில்லை. தனக்குக் கிடைத்த சான்றைக் கொண்டு தீர்ப்புச் சொன்னது. நாம் தரும் சான்று எப்படியோ அப்படியே அதன் தீர்ப்பும் அமையும்.

போகுமிடத்தைப் பற்றி நாம் தரும் சான்றும் இத்தகையதே. கரூர் மாவட்டத்துப் பள்ளப்பட்டியை நம் சமுதாயத்தில் அறியாதார் இலர். நிலக்கோட்டைக்கு அருகில் திண்டுக்கல் மாவட்டத்திலும் ஒரு பள்ளப்பட்டி உண்டு, சேலத்திலும் உண்டு. புதூர், புதுப்பட்டினம் என்னும் பெயர்களையோ எண்ணி முடியாது. தெருப்பெயர்களின் நிலையும் அதுவே. பெரிய பள்ளிவாசல் தெரு இல்லாத முஸ்லிம் ஊர் எது? ஊர்ப்பெயரை மட்டும் எழுதினால், அப்பெயருடைய ஊர்களுள் ஒன்றைக் கருவி தன் போக்கில் முன்வைக்கும். அது நாம் நினைத்த ஊர்தானா என்று பார்க்கும் பொறுப்பு நம்முடையது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். என் வாப்பாவின் தங்கையார் – எனக்கு மாமி – ஒரு நாள் ஸுப்ஹு நேரத்தில் மௌத்தானார்கள். அஸர் தொழுகைக்குப் பின் நல்லடக்கம் என்று ஜமாஅத்தில் அறிவித்தார்கள். மாமியின் இளைய மகன் அப்போது கோவையில் வேலையிலிருந்தார். செய்தி கேட்ட மாத்திரத்தில் வாடகைக் காரில் ஏறிவிட்டார். ஓட்டுநர் ஊரின் பெயரைக் கேட்டு, அதைக் கைப்பேசியில் எழுதி, முதலில் வந்த பெயரைத் தொட்டிருக்கிறார். தாயை இழந்தவர் பின்னிருக்கையில் அழுதபடியே கண்ணயர்ந்துவிட்டார். கார் போய் நின்றது, அதே பெயருடைய வேறொரு மாவட்டத்துச் சிற்றூரில்! அங்கிருந்து எங்கள் ஊருக்கு இன்னும் மூன்று மணி நேரப் பயணம்.

அஸர் தொழுகை முடிந்தது. ஜனாஸாவைத் தாமதப்படுத்தலாகாது என்பது மார்க்கத்தின் வழிகாட்டல். அதே வேளையில், பெற்ற மகனுக்குத் தாயின் முகத்தைக் காட்டாமல் எடுப்பதா என்று பெண்கள் பக்கமிருந்து விம்மல் எழுந்தது. இமாம் அவர்கள் பொறுமையோடு அரை மணி நேரம் காத்தார்கள். வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. தொலைபேசியில் மகனே பேசினார்: “காக்கா, எனக்காக உம்மாவைக் காக்க வைக்க வேண்டாம், எடுத்துவிடுங்கள்.” அவ்வளவுதான் சொன்னார். மஃரிபுக்குப் பிறகு அவர் வந்து சேர்ந்தபோது, மையவாடியில் ஈரமண் குவியல்தான் இருந்தது. மழையில் நனைந்துகொண்டே கபுரடியில் நின்று துஆ செய்தார். அந்த ஓட்டுநரும் ஓரமாக, தலைகுனிந்து நின்றார். பாவம், நாள் முழுவதும் உண்ணாமல் வண்டி ஓட்டியவர் அவர். அவரை யாரும் ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை.

கருவி அன்று காட்டிய பாதையில் எள்ளளவும் பிழையில்லை. சொன்ன இடத்துக்குச் சொன்ன நேரத்தில் கொண்டு சேர்த்தது. இடம்தான் வேறு!

இத்தகைய இடர் நேராதிருக்கச் செய்யவேண்டியவை மிக எளியவை. ஊர்ப்பெயரோடு வட்டத்தையும் மாவட்டத்தையும் சேர்த்து எழுதுதல் முதலாவது. அஞ்சல் குறியீட்டு எண்ணையும் சேர்த்தால் இன்னும் நன்று. நீலக் கோடு தோன்றியதும் உடனே புறப்பட்டுவிடாமல், வரைபடத்தைச் சுருக்கி முழுப் பாதையையும் ஒருமுறை பார்த்தல் இரண்டாவது. கோவையிலிருந்து இராமநாதபுரம் மாவட்டத்துக்குப் போகிறவனின் கோடு வடக்கே ஓடினால், ஏதோ தவறு என்று சிறுபிள்ளைக்கும் தெரியும். தொலைவும் நேரமும் நாம் அறிந்ததோடு ஒத்துவருகின்றனவா என்று நோக்குதல் மூன்றாவது. எல்லாவற்றினும் சிறந்தது, போகுமிடத்தில் இருப்பவரையே தம் இருப்பிடத்தைக் கைப்பேசியில் அனுப்பச் சொல்வது. ‘லொகேஷன் அனுப்புங்கள்’ என்று இளைஞர்கள் கேட்பது இதைத்தான். அஞ்சல் துறை 2025இல் ‘டிஜிபின்’ என்னும் முறையை வெளியிட்டிருக்கிறது. நாடு முழுவதையும் ஏறத்தாழ நான்கு மீட்டர்ச் சதுரங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்து, எண் கொண்ட ஒரு குறியீட்டை அது தருகிறது. தெருப்பெயர் இல்லாத குடிசைக்கும் அதனால் ஒரு முகவரி கிடைத்துவிடுகிறது.

போகுமிடம் தெளிவானபின், வழியைத் திட்டமிடும் கட்டம் வருகிறது. சென்னையிலிருந்து கீழக்கரைக்குக் காரில் செல்லும் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். விழுப்புரம், திருச்சி, புதுக்கோட்டை, காரைக்குடி, தேவகோட்டை வழியாக இராமநாதபுரம் சேர்வது ஒரு பாதை. புதுச்சேரி, கடலூர், நாகப்பட்டினம், அதிராம்பட்டினம், மீமிசல், தொண்டி, தேவிபட்டினம் என்று கடலோரமாக வருவது மற்றொன்று. விரைவு ஒன்றையே அளவுகோலாகக் கொண்ட கருவி, பெரும்பாலும் திருச்சிப் பாதையையே நீட்டும். ஆனால், நாகூரில் உள்ள உறவினரைப் பார்க்கவேண்டும் என்பதோ, தொண்டியில் மகளை ஏற்றிக்கொள்ளவேண்டும் என்பதோ நம் நோக்கமாயின், அதை இடைநிறுத்தமாகக் குறித்துவிட வேண்டும். குறித்ததும் பாதை தானே மாறும். சுங்கச்சாவடியைத் தவிர்க்கவேண்டுமா, எத்தனை மணிக்குப் புறப்படப் போகிறோம் என்பவற்றையும் முன்கூட்டிச் சொல்லலாம்.

இன்னொன்று: கருவி காட்டும் நேரத்தில் நம் தொழுகை அடங்காது. பத்து மணி நேரப் பயணம் என்று அது சொன்னால், அது சக்கரம் சுழலும் நேரம் மட்டுமே. உணவும், ஒளுவும், முதியோர் கால்நீட்டி இளைப்பாறுவதும் அதில் சேரா. ஆகவே, லுஹர் வேளையில் எந்த ஊரை எட்டுவோம் என்று வரைபடத்தில் பார்த்து, அங்குள்ள பள்ளிவாசலையும் ஒரு நிறுத்தமாக வைத்துக்கொள்வது நன்று. கடலோர ஊர்களில் பெரும்பான்மையோராகிய ஷாஃபி மத்ஹபினருக்கு, பயணத்தில் லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழும் சலுகையும் உண்டு. பெண்களுக்கு இடவசதி உள்ள பள்ளி எது என்பதை வீட்டில் இருக்கும்போதே விசாரித்துக்கொண்டால், நடுவழியில் தவிக்கவேண்டியதில்லை.

பலர் அறியாத ஒரு செய்தியும் உண்டு. விண்கோளின் சைகையைப் பெறுவதற்கு இணைய இணைப்பே தேவையில்லை. இணையம் வேண்டியிருப்பது வரைபடத்துக்காகத்தான். போகும் பகுதியின் வரைபடத்தை முன்கூட்டியே கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொண்டால், தொடர்பு அற்ற காட்டுப் பாதையிலும் வழி தெரியும்; நெரிசல் செய்தி மட்டும் கிடைக்காது. கட்டுச்சோறு எடுத்துச் சென்ற தலைமுறையினருக்கு, கட்டு வரைபடம் எடுத்துச் செல்லுமாறு சொல்லித்தரவும் வேண்டுமோ!

இவ்வளவும் செய்தபின்னும் கருவி அறியாதவை சில எஞ்சி நிற்கும். காயல்பட்டினத்தில் வீடுகளுக்கு இடையே, பெண்கள் புழங்குவதற்கென்றே முடுக்குகள் விடப்பட்டிருக்கின்றன. ஒரு தெருவிலிருந்து மறு தெருவுக்கு நடந்துபோக அவை குறுக்குவழிதான். ஆயினும் ஊர் மரபு அறிந்த ஆடவர் அவற்றில் நுழைவதில்லை. வான்வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு முடுக்கின் அகலம் தெரியலாம்; அதன் அதபு தெரியுமா? சென்ற மழைக்காலத்தில் நானும் என் மகனும் ஒரு திருமணத்துக்காகச் சிவகங்கைச் சீமையின் உட்பகுதியில் சென்றபோது, கருவி ஒரு கண்மாய்க் கரைப் பாதையைக் காட்டி, பன்னிரண்டு நிமிடம் மிச்சம் என்றது. விலக்கில் இருந்த தேநீர்க் கடைக்காரர் எழுந்து வந்து, “பாய், வெயில் காலத்துல அது நல்ல பாதைதான். நேத்து கலுங்கு பாயுது. சுத்துப்பாதையிலேயே போங்க” என்றார். மகன் என்னைப் பார்த்து, “வாப்பா, இவர் சொல்வதைக் கேட்போம்” என்று வண்டியைத் திருப்பினான். எனக்கு மனம் குளிர்ந்தது. வாயில் இருக்கும் வழியையும் கையில் இருக்கும் வழியையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்திருக்கிறது பிள்ளைக்கு!

அப்படிப் பாராததால் விளையும் கேடு சிறிதன்று. 2024 நவம்பரில், உத்தரப் பிரதேசத்தில் பரேலிக்கு அருகே, வழிகாட்டி காட்டிய பாதையில் சென்றதாகக் கூறப்பட்ட கார் ஒன்று, வெள்ளத்தில் ஒரு பகுதி அடித்துச் செல்லப்பட்டிருந்த பாலத்திலிருந்து ராம்கங்கா ஆற்றில் வீழ்ந்தது. அதில் இருந்த மூவரும் மாண்டனர். பாலம் அறுந்ததை வரைபடத்துக்கு எவரும் சொல்லவில்லை. சாலையை மறித்துத் தடுப்பு வைக்கவேண்டியவர்களும் வைக்கவில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்த பாடம் இங்கும் பொருந்தும். இருளில், மழையில், முன்பின் அறியாத பாதையில் செல்வோர்க்குக் கண்ணும், நிதானமும், கேட்டறியும் பணிவும்தாம் ஒட்டகத்தைக் கட்டும் கயிறு.

வரைபடத்துக்கு எவரும் சொல்லவில்லை என்றேன். சொல்லவேண்டியவர் யார்? அந்தந்த ஊரார்தாம். 2004இல் இங்கிலாந்தில் தொடங்கிய ‘ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்’ என்னும் பொது வரைபடம், உலகெங்கும் உள்ள தொண்டர்கள் தத்தம் தெருக்களைத் தாமே வரைந்து சேர்த்ததால் வளர்ந்தது. மற்ற வரைபடங்களிலும், விடுபட்ட இடத்தைச் சேர்க்கவும் பிழையைத் திருத்தவும் பொதுமக்களுக்கு வாய்ப்பு இருக்கிறது. பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று படித்தவர்கள் நாம். வழிப்போக்கருக்காகக் கிணறு வெட்டி, சத்திரம் கட்டி வக்ஃபு செய்தவர்களின் வழிவந்தவர்கள். வரைபடத்தில் ஒரு தெருவைச் சரியாகக் குறித்து வைப்பதும் அந்த அறத்தின் இன்றைய வடிவமே அன்றோ?

மாமி மறைந்த நாற்பதாம் நாளுக்குள் எங்கள் தெரு இளைஞர்கள் நால்வர் இதைச் செய்து முடித்தார்கள். பள்ளிவாசலின் தலைவாசல், மையவாடியின் நுழைவு, மதரஸா, மருந்தகம், கார் நுழையும் தெரு, நுழையாத சந்து ஆகிய அனைத்தையும் வரைபடத்தில் சரிசெய்தார்கள். முன்பு பள்ளிவாசலின் புள்ளி பின்புறச் சுவரோரம் இருந்தது. வருவோர் எல்லாரும் முட்டுச் சந்தில் போய் நின்று திரும்புவார்கள். முடுக்குகளை வழியாகக் காட்டாதபடி விட்டுவிட்டார்கள். மாமியின் இளைய மகன்தான் இவ்வேலைக்கு முன்னின்றார். “இனி யாருடைய உம்மாவுக்கும் இப்படி ஆகக்கூடாது” என்பதைத் தவிர அவர் வேறொன்றும் சொல்லவில்லை.

ஒவ்வொரு ஜமாஅத்தும் இதை ஒரு பணியாக மேற்கொள்ளலாம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சிறு பயிற்சியும் தேவை. வீட்டிலுள்ள பெண்களுக்கும் முதியோருக்கும் தம் இருப்பிடத்தைக் கைப்பேசியில் அனுப்பத் தெரிந்திருக்க வேண்டும். ஆடவர் அயல்நாட்டில் இருக்க, பெண்களும் பெரியோரும் மட்டுமே வாழும் இல்லங்கள் நம் ஊர்களில் எத்தனை! நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்து 108 ஊர்தியை அழைக்கும்போது, ‘பள்ளிவாசலுக்குப் பின்னால் பச்சைக் கதவு வீடு’ என்பது முகவரியாகாது. நோய் வந்தபின் கற்றுக்கொள்ள நேரமிராது. இன்றே கற்றுக்கொள்வதற்கோ பத்து நிமிடம் போதும்.

கடைசியாக ஒன்று. திசை வேறு, வழி வேறு. சென்னையில் தொழுவோர்க்குக் கிப்லா, நேர் மேற்கிலிருந்து ஏறத்தாழ 18 பாகை வடக்காக அமைகிறது. அந்தத் திசையை நோக்கி எவரும் நின்ற இடத்திலிருந்தே நெஞ்சைத் திருப்பிவிடலாம். ஆனால் மக்காவுக்குச் சென்று சேர, மலையும் கடலும் பாலையும் குறுக்கிடும். வளைந்தும் சுற்றியும்தான் போகவேண்டும். திசை மாறாதிருந்தால், வழி எத்தனை முறை வளைந்தாலும் கேடில்லை. பாதை தவறினால் கருவி புது வழி கணக்கிட்டுத் தரும். அதற்குச் சினமும் இல்லை, சலிப்பும் இல்லை. போகுமிடம் தவறினால் அதனிடம் மருந்தில்லை. அது நம் நிய்யத்தைச் சார்ந்தது.

பர்ளான தொழுகைகளில் மட்டும் நாள்தோறும் 17 முறை நேர்வழி காட்டுமாறு வேண்டி நிற்கும் சமுதாயம் நம்முடையது. வழிகேட்பது நமக்கு இழிவன்று. அது நம் வணக்கத்தின் நடுநாயகம். அப்படிக் கேட்பவன், தான் எங்கே போக விரும்புகிறான் என்பதை முதலில் அறிந்திருக்க வேண்டாமா?

வல்ல அல்லாஹ் நம் பயணங்களை இலேசாக்குவானாக! போய்ச் சேரவேண்டிய இடங்களுக்கு, போய்ச் சேரவேண்டிய நேரத்தில் நம்மைக் கொண்டு சேர்ப்பானாக! ஆமீன்.